டைட்டானியம் என்று 18,500 ரூபாய்க்கு வாங்கிய நீல போல்ட் செட், ஏமாறாதேங்கோ

நேற்றுப் பின்னேரம் நடந்தது. கையில் இன்னும் கிரீஸ் மணம் போகவில்லை, கோபமும் ஆறவில்லை. பைக்குக்கு மாற்று நட், போல்ட் எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி இறுக்குவது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது பழைய 150 சிசி. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இருக்கிறதைப் பொத்திப் பொத்தி ஓட்டுகிறவன். தினமும் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் வருவதில் உப்புக்காற்று பட்டு, முன் பிரேக் கலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி) பூட்டியிருக்கிற போல்ட் இரண்டும் கறள் பிடித்துவிட்டன. அப்போதுதான் போனில் ஒரு விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது. கடை கிடையாது, படம் போட்டு விற்கிற ஆட்கள். முழு செட், அசல் டைட்டானியம், 18,500 ரூபாய்.

விலையைப் பார்த்துத் தயங்கினேன், உண்மை. ஆனால் விற்கிற பெடியன் குரல்பதிவு அனுப்பினான்: "அண்ணை, பயப்பிடாதேங்கோ, என்ர பைக்கிலயும் இதுதான் கிடக்கு. நீங்கள் எந்தப் பக்கம்?" இடத்தைச் சொன்னேன். "அட, எங்கட அம்மம்மா வீடும் அங்காலதான்!" அவ்வளவுதான், நான் விழுந்த இடம் அது. அம்மம்மா வீட்டை நம்பி 18,500 ரூபாயையும் முற்பணமாக வங்கியில் போட்டேன், சாமான் வந்தபிறகு தருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பார்சல் வந்தது. நீலமும் ஊதாவுமாக மயில் கழுத்து மாதிரி மினுங்கியது. தெரிந்த கராஜில் டோர்க் ரென்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் போடுகிற சாவி) இரவல் வாங்கி, கையேட்டில் சொன்ன அளவை வைத்து இறுக்கினேன். 'டிக்' என்று சத்தம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. திருப்பத் திருப்பக் கனிந்த வாழைப்பழத்துக்குள் திருப்புவது போல இளகிக்கொண்டு போய், படக்கென்று தலை மட்டும் ரென்சோடு கையில் வந்தது. மிச்சம் முன் சில்லைப் பிடிக்கிற ஃபோர்க் காலுக்குள்ளே.

சந்தேகம் வந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் பச்சென்று ஒட்டுகிறது. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. பெற்றோல் துணியால் தேய்க்க நீலம் துணிக்கு வந்துவிட்டது, உள்ளே சாதா இரும்பு. நல்ல வேளை, ஓடும்போது உடையவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்துத்தான் இன்னும் எரிச்சல். முதலில் "செக் பண்ணிச் சொல்றன் அண்ணை". பிறகு "ஸ்டோர் பார்க்கிற ஆள் லீவு". பிறகு "நல்லூர்த் தேர் முடியட்டும்", தேருக்கும் என் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்! கடைசியில் "நீங்கள் கூட இறுக்கிப்போட்டியள், அது உங்கட பிழை". டோர்க் ரென்ச் படத்தை அனுப்பினேன், இன்று காலை பார்த்தால் என்னை புளொக் பண்ணியிருக்கிறான். 18,500 போனது. உடைந்ததைத் துளைத்தெடுக்க லேத் கடையில் இன்னொரு 6,000 கேட்கிறார்கள்.

சரி, சொன்னபடி ஆலோசனை. காந்தம் ஒட்டாவிட்டாலும் நம்பாதேங்கோ, சாயம் ஏற்றிய அலுமினியமும் ஒட்டாது. பிரேக்குக்குத் தலையில் 8.8 அல்லது 10.9 என்று (பலத்தைக் காட்டுகிற எண்) அடித்த போல்ட்டை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். பழைய போல்ட்டையும் கொண்டுபோங்கள், ஏனென்றால் ஹார்ட்வெயார் கடையில் சாதாரணமாகத் தருகிற 10 மில்லிமீற்றர் போல்ட்டின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர், ஜப்பான் பைக்குகளில் அனேகமாக 1.25. விரலால் நாலைந்து சுற்று தானாகப் போகவேண்டும், முரண்டு பிடித்தால் உடனே நிறுத்துங்கள். கையேடு சொல்லாமல் புரிக்கு ஒயில் பூசி அதே அளவுக்கு இறுக்கினால் தேவைக்கு மேல் இறுகிவிடும். மட்காட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போடலாம், பிரேக்குக்கு வேண்டாம், கடைகளில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் 8.8ஐ விடப் பலம் குறைவு. முற்பணம் அனுப்பவே அனுப்பாதேங்கோ. மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன், இப்போது மனமில்லை.

தம்பியின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இப்போது அதே செட்டைப் பச்சை நிறத்தில் போட்டிருக்கிறான், 21,000 ரூபாயாம்.