எரிந்த மோட்டருக்கு வைண்டிங் செய்வதற்கு முன் காரணத்தைத் தேடும் திருத்தகம்

யாழ்ப்பாணம் நல்லூரில், பருத்தித்துறை வீதியை அண்டிய தங்குவிடுதி ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். அறைகளோடு உணவகமும் சிறிய கலியாண மண்டபமும் சேர்ந்த கட்டடம் என்பதால், கிணற்றிலிருந்து மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் திறீ பேஸ் (மும்முனை மின்சாரப்) பம்பிகள் இரண்டும், மேல்மாடிக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கும் சிறிய பம்பி ஒன்றும் ஓய்வின்றி வேலை செய்கின்றன. இவற்றைத் திருத்துவதையும் பராமரிப்பதையும் சில ஆண்டுகளாகக் கொக்குவிலில் உள்ள ஒரு திருத்தகத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவர்கள் வேலை செய்யும் முறையை மற்ற விடுதிக்காரரும் மண்டபக்காரரும் அறிந்து, தங்கள் திருத்துநரிடமும் அதையே கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அவர்களிடம் போவதற்கு முன், வேறோர் இடத்தில் வைண்டிங் செய்து (உள்ளிருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி) வாங்கிய மோட்டர் ஒன்று சில மாதங்களுக்குள் மீண்டும் எரிந்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உரிமையாளர் விலை சொல்லவில்லை. "தம்பி, சுத்தித் தாறது பெரிய வேலையில்லை. ஏன் எரிஞ்சதெண்டு பாக்காமல் தந்தால் திரும்பவும் இஞ்சதான் கொண்டு வருவியள்" என்றார். அடுத்த நாள் காலையில் அளவீட்டுக் கருவிகளோடு விடுதிக்கே வந்து, முதலில் கிணற்றடியைத்தான் பார்த்தார்.

அங்கே கண்டறிந்ததை அவர் விளக்கிய விதம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் தேங்கி நிற்பதால் வன்மையானது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, உறிஞ்சு குழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட் வால்வில் படிந்து, அதை முழுமையாக மூட விடாமல் செய்திருந்தது. மோட்டர் நின்றிருக்கும் நேரத்தில் உறிஞ்சு குழாயிலுள்ள நீர் மெல்லக் கிணற்றுக்குள் இறங்கிவிட, அடுத்த முறை பம்பி வெறுமையாகச் சுழன்றிருக்கிறது. சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும், நீரால் குளிர வேண்டிய மெக்கானிக்கல் சீல் வறண்டு சூடேறித் தேய்ந்து, அதனூடாகக் கசிந்த நீர் பெயரிங்கிற்குள் புகுந்து, பெயரிங் இறுகி, அந்தச் சுமையால் மோட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, இறுதியில் வைண்டிங் எரிந்திருக்கிறது. பம்பி வெறுமையாகச் சுழலும்போது மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகிறது. ஆகவே மின்னோட்டம் கூடினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் றிலே அந்த நிலையைக் கண்டுகொள்ளாது. பம்பிக்கு நீர் வராவிட்டால் மின்னைத் துண்டிக்கும் தனியான அமைப்பு ஒன்று வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது இருக்கவில்லை. எரிந்த வைண்டிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இந்தச் சங்கிலி ஒருபோதும் அறுந்திருக்காது.

மின்பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. மூன்று பேஸ்களுக்கும் இடையிலான மின்னழுத்தம் 400 வோல்ட்டை ஒட்டிச் சமமாக இருக்க வேண்டும். எங்கள் குளிரூட்டிகளும் சமையலறையின் சூடேற்றிகளும் பெரும்பாலும் ஒரே பேஸில் இணைக்கப்பட்டிருந்ததால் மாலை நேரத்தில் அந்தச் சமநிலை குலைந்தது. மின்னழுத்தத்தில் 1 சதவீத ஏற்றத்தாழ்வுகூட மோட்டரின் மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதம் வரையான ஏற்றத்தாழ்வை உண்டாக்கலாம்; அது வைண்டிங்கைக் கூடுதலாகச் சூடேற்றுகிறது. சுமைகளைப் பிரித்து இணைக்க வேண்டும் என்று எங்கள் மின்னியலாளரை அழைத்து அவரே விளக்கினார். ஜெனரேற்றரில் ஓடும்போது பேஸ் வரிசை மாறியிருக்கிறதா என்பதையும் சோதித்தார். வரிசை மாறினால் பம்பி எதிர்த்திசையில் சுழலும்; அப்படிச் சுழன்றாலும் ஓரளவு நீரைத் தள்ளும் என்பதால், அழுத்தம் குறைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் காரணம் தெரியாமல் இருப்பவர்கள் பலர்.

என் நம்பிக்கையை முழுமையாகப் பெற்றது அவர்கள் விற்க மறுத்த ஒரு பொருள்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அறைகள் நிரம்பும்போது தண்ணீர் போதாது என்று, கூடுதல் குதிரைவலுவுள்ள பம்பி ஒன்று கேட்டோம். திருவிழா வருவதே கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் ஆடி, ஆவணிக் காலத்தில். குடாநாட்டில் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியல் கணக்கு. மேலே மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர்நீர் பல மடங்கு உயர இடமுண்டு. வேகமாக இறைத்தால் எங்கள் கிணறு மட்டுமன்றி அயலவர் கிணறுகளும் சவராகிவிடும் என்று சொல்லி, பெரிய பம்பிக்குப் பதிலாக நிலத்தாங்கி ஒன்றைக் கட்டி, இருக்கும் பம்பியையே இரவில் இடைவெளி விட்டு ஓட விடுமாறு ஆலோசனை கூறினார். அதன்படி செய்தோம். திருவிழாக் காலத்திலும் தண்ணீர் வவுசரைக் கூப்பிட வேண்டி வரவில்லை. பொருளை விற்று இலாபம் பார்க்கக்கூடிய இடத்தில் இப்படிச் சொல்பவரை மதிக்க வேண்டும்.

பட்டறை வேலையும் சுத்தமானது. புதிய வைண்டிங்கை வார்னிஷில் தோய்த்து, வெயிலில் வைக்காமல் சூளையில் உலர்த்துகிறார்கள். பெயரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதில்லை. 500 வோல்ட் மெகரால் மின்காப்பை அளந்து, அந்த எண்ணைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மோட்டர் பட்டறையை விட்டு வெளியே வராது. பழைய உதிரிப்பாகங்களைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் தருவதையும் குறிப்பிட வேண்டும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். ஒவ்வொரு பேஸின் அம்பியரையும் பம்பிகளுக்கு அருகில் தொங்கும் அட்டையில் பதிகிறார்கள். சென்ற கோடையில் ஒரு பம்பியின் அம்பியர் முந்தைய பதிவைவிட உயர்ந்திருப்பதைக் கண்டு பெயரிங்கை மாற்றியதால் அந்த மோட்டர் தப்பியது.

குறைகள் இல்லாமலில்லை. வைண்டிங் மட்டும் செய்து கொடுக்கும் இடங்களைவிடக் கட்டணம் கணிசமாக அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் இரவும் அழைத்தால் வரமாட்டார்கள். கலியாண மண்டபம் நடத்துபவர்களுக்கு இது சிறிய குறையன்று, மாற்றுப் பம்பி ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். அதிகம் புழங்காத வகைப் பம்பிகளுக்குச் சீல் கொழும்பிலிருந்து வர வேண்டியிருப்பதால் ஒரு வாரத்துக்கு மேலும் காத்திருக்க நேரிடும். வேகத்தை மாற்றும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அவர்கள் தொடுவதில்லை, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு சிறிய பம்பி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பந்தம் தேவையில்லை. கப்பாசிற்றர் மாற்றுவது போன்ற வேலையை அருகிலுள்ள மின்னியலாளரே செய்துவிடுவார். விடுதி, உணவகம், மருத்துவமனை, மண்டபம் நடத்துபவர்கள் இத்தகைய சேவைக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

எந்தத் திருத்தகத்துக்குப் போனாலும், மோட்டரைக் கழற்றுவதற்கு முன் அதன் பெயர்த்தகட்டையும் வயர் இணைப்புகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்லோட் றிலே எத்தனை அம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். கொக்குவில் திருத்தகத்தில் அவர்கள் முதலில் கேட்பவை இவைதான்.