குயவர் களிமண்: பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

காட்பாடிப் பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். பிசைந்து பதமாக்கிய களிமண்ணாகவே கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு 2 கிலோ தாராளம். கடையில் விற்கும் கலர் களிமண் போல எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

சிக்கல் காய வைப்பதில்தான். வேலூர் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பொம்மை பிளந்துவிடும். விரல் பருமனுக்கு மேல் கனம் வேண்டாம். துணி மூடி நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். யானைக்குத் தும்பிக்கை ஒட்ட, இரு பக்கமும் முள்கரண்டியால் கீறி, கெட்டித் தயிர்ப் பதத்தில் கரைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். சுடாத பொம்மை நனைந்தால் கரையும், இது பெரிய குறை. கையை சிங்க்கில் கழுவவே கூடாது, அடைத்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் கழுவிச் செடிக்கு ஊற்றுங்கள்.