சைக்கிள் முன்விளக்கு: எதற்குக் காசு கொடுக்கலாம்?

அட்டைப்பெட்டியில் '1,000 லூமென்' (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், உடனே பெட்டியைத் திருப்பி பேட்டரியின் அளவைத் தேடுங்கள். 1,200 எம்.ஏ.ஹெச். என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை 1,000-ஆல் வகுத்து, இவ்வகை லித்தியம் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பது நாலரை வாட்-மணிக்குள்தான். எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருவதாக வைத்துக்கொண்டால், 1,000 லூமெனுக்குப் பத்து வாட் வேண்டும். அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதே பெட்டியில் முழு வெளிச்சத்தில் 'ஐந்து மணி நேரம்' என்றும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

மலிவான யு.எஸ்.பி. விளக்குகளில் பல இந்த ரகம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவிளக்கு உள்ள சாலையில், நாம் பார்ப்பதைவிட நம்மைப் பிறர் பார்ப்பதுதான் முக்கியம். அதற்கு இதுவே போதும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். மழைக்காலத்தில் என் முதல் விளக்கு அந்த வழியாகத்தான் செத்தது.

இருட்டுச் சாலை என்றால் கதை வேறு. 18650 என்ற அளவிலான உருளை லித்தியம் பேட்டரி போடும் கைடார்ச்சை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பேட்டரி தீர்ந்தால் வேறொன்றைப் போடலாம், சைக்கிளை விட்டு இறங்கினாலும் உதவும். ஆனால் டார்ச்சின் வெளிச்சம் வட்டமானது. பாதி புளியமரத்துக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போய்விடுகிறது. (9,900 எம்.ஏ.ஹெச். என்று அச்சிட்ட 18650 பேட்டரியை நம்பாதீர்கள். நல்ல தயாரிப்புகளே 3,500 அளவில்தான் நிற்கின்றன.)

மேல்விளிம்பை வெட்டி, வெளிச்சத்தைச் சாலையில் மட்டும் விரிக்கும் விளக்குகள் இருக்கின்றன. எதிரில் வருபவரின் கண் கூசக்கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம். அதனால் அந்த விதிப்படி செய்தவற்றில் இந்த அமைப்பைக் காணலாம். லூமென் எண் சிறியதாக இருக்கும், ஆனால் சாலைக்குழி தெளிவாகத் தெரியும். விலை கூடுதல்தான். தினமும் இருட்டில் போகிறவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

டைனமோவை மறக்கலாமா? டயரில் உரசும் பழைய பாட்டில் டைனமோ மிதியைக் கனமாக்கும், மழையில் வழுக்கும், சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். சக்கர அச்சிலேயே இருக்கும் ஹப் டைனமோவில் உரசலும் வழுக்கலும் கிடையாது. அதற்கேற்ற விளக்குகள் பலவற்றில், நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் ஏற்பாடு உண்டு. ஆனால் சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். நெடும்பயணம் போகிறவருக்கு அந்தச் செலவு தகும், அலுவலகம் போய்வர மட்டும் என்றால் வீண்.

எதை வாங்கினாலும், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் பளிச்சென்ற பகுதி விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி சாய்த்து, பிறகு திருகை முடுக்குங்கள்.