புது .32 பிஸ்டல் சிக்குகிறதா? முதலில் எதைச் சந்தேகிப்பது

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து இடுக்கியில் ஏலத்தோட்டம் நடத்துபவர்களில் சிலர் லைசென்ஸ் எடுத்து .32 பிஸ்டல் வாங்குகிறார்கள். புதுசு சிக்கினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் அதிகம் கேட்பது, "200 ரவுண்டு சுடு, தானாகப் பழகிவிடும்" என்பது. தோட்டா தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவுக்கு அது பொருந்தும். நமக்கோ லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைதான், சுட்டுப் பார்ப்பதும் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில்தான். அதனால் தோட்டா செலவு குறைவான வழியை முதலில் பார்ப்பதே என் கட்சி.

அப்படிப் பார்த்தால் துடைத்து எண்ணெய் போடுவதற்குத் தோட்டாவே வேண்டாம். புதுத் துப்பாக்கியில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ் இருக்கும். மலைக் குளிரில் அது இறுகும். ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல் பாகம், முழுசாக மூடாமல் நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, கூட வந்த புத்தகத்தில் உள்ளபடி பிரித்துத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் விட்டால் போதும். மழைக்காலத்தில் தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும், அது தனிக் கதை.

ஆனால் எண்ணெயையும் மேகசினையும் எதிரெதிரே வைத்தால் நான் மேகசினைத்தான் அதிகம் சந்தேகிப்பேன். இரண்டு மேகசின் இருந்தால் அடியில் 1, 2 என்று எழுதிவையுங்கள். சிக்கல் எப்போதும் ஒன்றிலேயே வந்தால் பிஸ்டல் மீது குற்றமில்லை. அந்த மேகசினில் தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் உதடு வளைந்திருக்கும், இல்லை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

தோட்டா விஷயத்தில், இந்த பிஸ்டல் சுடும் .32 ஏசிபி வகைத் தோட்டாவுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது. எத்தனை எண்ணெய் விட்டாலும் இது தீராது. முனையில் குழி உள்ள, நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் உள்ளே முன்னும் பின்னும் ஆடுவதால் அவற்றில் இது அதிகம். உருண்டை முனைத் தோட்டாவில் குறைவு. மேகசினை நிரப்பும்போதே மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பிராண்டு வாங்கிச் சுட்டுப் பார்ப்பது அதற்கு அப்புறம். அப்புறம் ஒன்று, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றி இறக்காதீர்கள். முனையிலுள்ள குண்டு கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் கூடும். ஓட்டிப் பார்க்க மருந்தில்லாத டம்மி தோட்டா இருக்கிறது.

காலிக் கூடு வெளியேறும் வாயில் நட்டுக்கொண்டு நின்றால் மணிக்கட்டையும் சந்தேகிக்கலாம். பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது. ரேஞ்சில் பழகிய ஒருவர் ஒரு மேகசின் சுட்டால் பிஸ்டலா கையா என்று தெரிந்துவிடும்.

விசையை இழுத்தும் 'டிக்' சத்தம் மட்டும் வந்து தோட்டா வெடிக்காமல் போனால் குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 விநாடி பொறுக்க வேண்டும். அதே தொடர்ந்தால், அல்லது காலிக் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதை விட்டுவிட்டால், அரத்தை எடுக்காமல் டீலர் வழியாகத் திருப்பி அனுப்புவதே சரி. எந்த மேகசின், எந்தத் தோட்டா, எப்படிச் சிக்கியது என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். டீலர் தமிழ்நாட்டில், துப்பாக்கி குமுளிக்கு மேலே என்றால், லைசென்ஸ் இரண்டு மாநிலத்துக்கும் செல்லுமா என்று மலை இறங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.