மருமோனுக்கு பூட்ஸ் வாங்கின கடை

யாழ்ப்பாணத்தில புட்போல் பூட்ஸ் எங்க வாங்கலாம் எண்டு கனபேர் கேக்கிறியள், அதால எங்கட அனுபவத்தை எழுதிறன். கடை நவீன சந்தைப் பக்கம். உள்ளுக்க ரண்டு பேர் நிண்டா மூண்டாவது ஆள் வாசலில தான் நிக்கவேணும், ஆனா நான் இதுவரைக்கும் போன விளையாட்டுச் சாமான் கடையளுக்க இதைத்தான் முதலாவது எண்டு சொல்லுவன்.

அக்கான்ர மகனுக்கு 14 வயசு, மிட்பீல்ட் விளையாடுறவன். போன வருசம் ஒரு ரீம் தெரிவுக்குப் போனவன், ஆள் சின்னன், மோதினா விழுந்திடுவான் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம். ரண்டு நாள் வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கேல்லை, சோத்தையும் அரைவாசியில வச்சிட்டு எழும்பிப் போயிடுவான். அதுக்குப் பிறகு தான் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் மிட்பீல்ட் விளையாடுற பெட்ரியைப் பிடிச்சுக்கொண்டான். ஏனெண்டால் அந்தப் பெடியனையும் ரியல் மட்ரிட் ட்ரையலுக்குக் கூப்பிட்டுப் பாத்திட்டு வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பினது. டெனெரிஃபே தீவில தெகெஸ்தே எண்ட ஊர்ப் பிள்ளை, வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கடை நடத்தினவை. 2019 ஆவணியில 16 வயசில லாஸ் பால்மாஸ் எண்ட ஸ்பெயின் கிளப்புக்கு முதல் மற்ச், ஒரு மாசம் முடியமுதலே பார்சிலோனா 50 லட்சம் யூரோவுக்குப் பேசி முடிச்சிட்டுது. 2021இல யூரோ கப்பில ஸ்பெயினுக்கு விளையாடேக்க 18 வயசு, இத்தாலியோட செமி ஃபைனலில 66 பாஸ் குடுத்து 65 சரியாப் போனது. இந்த 65ஐ மருமோன் ஒரு நாளைக்கு எத்தினை தரம் சொல்லுவான் எண்டு எங்கட வீட்டில கேட்டுப்பாருங்கோ. அந்த வருசம் இளம் ஆட்டக்காரருக்குக் குடுக்கிற கோல்டன் போய், கோப்பா ட்ரோபி எண்ட விருது ரண்டும் அவருக்குத் தான்.

இப்ப பூட்ஸ் கதைக்கு வாறன். முதலில நான் விட்ட பிழை. போனில ஒரு பக்கத்தில பாத்து, பெட்ரி போடுறது அடிடாஸ் தானே எண்டு அதே மாதிரி ஒண்டை ஓடர் பண்ணினன், வளருற பிள்ளை தானே எண்டு ஒரு சைஸ் கூட்டியும் எடுத்தன். எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறது தான். வந்த சாமான் படத்தில இருந்ததும் இல்லை, திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டா பதிலும் இல்லை. அதைப் போட்டு ரண்டு கிழமை விளையாடினான், வலது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு, பிறகு குதிக்கால் நோகுது எண்டு காலமை எழும்பி நொண்டி நொண்டி நடந்தான். டொக்டர் பாத்திட்டு, வளருற வயசில குதிக்கால் எலும்பில இப்பிடி நோ வாறது, கொஞ்சநாள் ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ, காலுக்குச் சரியான சப்பாத்தாப் போடுங்கோ எண்டு சொன்னார். நான் காசைக் குடுத்து அந்தப் பிள்ளைக்கு நோவை வாங்கிக் குடுத்திட்டன் எண்டு எனக்குச் சரியான கவலை.

அதுக்குப் பிறகு தான் அக்கம்பக்கத்துப் பெடியள் சொல்லி இந்தக் கடைக்குப் போனனாங்கள். உள்ளுக்க போன உடன கடைக்கார அண்ணை என்ன பிராண்ட் வேணும், எவ்வளவுக்குள்ள வேணும் எண்டு கேக்கேல்லை. பெடியனைப் பாத்துத் தான் கேட்டார், “எந்தக் கிரவுண்டிலயப்பன் விளையாடுறனீர்?” கோண்டாவில் பக்கம் எண்டான். “எந்த இடம் நிக்கிறனீர்?” மிட்பீல்ட் எண்டான். பழைய பூட்ஸைக் கொண்டு வந்தனீரோ எண்டு கேட்டு, அதைத் தலைகீழாப் பிடிச்சு அடியைப் பாத்தார். அடியில முளை மாதிரி இருக்கிற நீட்டு ஸ்ரட் எல்லாம் வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சு கிடந்தது. அவர் சொன்னது இது தான்: இந்த ஸ்ரட் புல்லுத் தரைக்குச் செய்தது, மண்ணுக்க இறங்கவேணும், எங்கட செம்மண் ஆடி ஆவணியில காஞ்சு இறுகினா சீமெந்து மாதிரி, ஸ்ரட் இறங்காது, அப்ப பாரம் முழுக்க அந்த நாலைஞ்சு இடத்தால உள்ளங்காலுக்கும் குதிக்கும் ஏறும். அதுக்கு அடியில சின்னச் சின்ன ரப்பர் பல்லு நிறைய இருக்கிற ரேர்ஃப் சப்பாத்து தான் நல்லம், மாரியில சேறு பட்டா கொஞ்சம் சறுக்கும் எண்டதையும் அவரே சொல்லிப்போட்டார்.

மூண்டு சோடி எடுத்து வச்சார். அதில விலை கூடின ஒண்டைத் தான் மருமோன் கண் வச்சது, அண்ணை அதை அவரே பெட்டிக்குள்ள திருப்பி வச்சிட்டார், தம்பி உது உம்மட கிரவுண்டுக்கு வேண்டாம் எண்டு. எத்தினை கடைக்காரர் அப்பிடிச் செய்வினம்? பிறகு விளையாடேக்க போடுற தடிச்ச சொக்ஸோட போடப் பண்ணி, எழும்பி நிக்கச் சொல்லி, முன்னுக்குப் பெருவிரலடியில தன்ர விரலால அமத்திப் பாத்தார், கட்டைவிரல் அகலத்தை விடக் கொஞ்சம் குறைய இடம் இருந்தாச் சரியாம். அதோட விடேல்லை. வாசலுக்கு வெளியால விட்டு, “பந்து வாற மாதிரி நினைச்சுக்கொண்டு தோளுக்கு மேலால பின்னால பாத்திட்டுத் திரும்பும் பாப்பம்” எண்டார். மருமோன் ரோட்டுக்கரையில நிண்டு இடப்பக்கம் ஒருக்கா, வலப்பக்கம் ஒருக்கா திரும்பினான், அண்ணை குனிஞ்சு குதிக்காலை மட்டும் பாத்துக்கொண்டு இருந்தார். ஃபோர்வேர்ட் நேர ஓடுறவன், மிட்பீல்ட் ஆள் நிண்ட இடத்திலயே திரும்பிக்கொண்டு இருக்கிறவன், சப்பாத்துக்குள்ள கால் அரை இஞ்சி வழுக்கினா அவன் திரும்பேக்க பந்து போயிடும் எண்டு விளங்கப்படுத்தினார். சின்ன ஆக்களுக்கு அது தானே ஆயுதம் எண்டும் சொன்னார், அதைக் கேக்க மருமோன்ர முகம் மாறினதை நான் பாத்தனான்.

கிழமைக்கு எத்தினை நாள் விளையாடுறனீர் எண்டும் கேட்டார். பள்ளிக்கூடம், கிளப், பின்னேரம் ஒழுங்கைப் பெடியளோட எண்டு ஏழு நாளும் எண்டான். அப்ப தான் தெரிஞ்சது அவரும் பெட்ரியை விடாமல் பாக்கிற ஆள். பெட்ரி 2020-21 சீசனில கிளப்புக்கும் நாட்டுக்கும் சேத்து 73 மற்ச் விளையாடினவர், யூரோ முடிய ஒலிம்பிக்கும் போனவர், அடுத்த சீசன் தொடைத்தசை பிரச்சினையோட பார்சிலோனாவுக்கு 22 மற்ச் தான் ஏலுமா இருந்தது, உமக்கு 14 வயசு, கிழமையில ரண்டு நாள் காலை ஆறவிடும் எண்டார். நானும் அக்காவும் மாசக்கணக்காச் சொல்லி ஏறாத கதை, இவர் சொல்ல ஏறிட்டுது.

வாங்கினது இந்தியாவில செய்த ஒண்டு, 7,500 ரூபா. இப்ப அஞ்சு மாசம். குதிக்கால் நோ இல்லை, புது நகமும் முளைச்சிட்டுது. மூண்டாம் மாசம் முன்பக்கம் அடி கொஞ்சம் வாய் பிளந்தது, கொண்டு போய்க் குடுக்க பசை மட்டும் ஒட்டாமல் சுத்திவர நூல் போட்டுத் தைச்சுத் தந்தவர், 300 ரூபா.

குறையும் சொல்லவேணும். கார்ட் எடுக்கமாட்டினம், காசு தான். கலர் எண்டு பாத்தா கறுப்பும் நீலமும் தான் கூட. 4ஆம் சைஸுக்குக் கீழ கனக்க இல்லை, சின்னப் பிள்ளையளுக்கு எண்டால் முதலே சொல்லி வைக்கவேணும். உள்ளுக்க வாற சோல் மெல்லிசு, நாங்கள் வேற ஒண்டு வாங்கிப் போட்டனாங்கள். பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டு தனியா ஒண்டும் எடுத்து வைக்கிறேல்லை, இப்ப எவ்வளவு பிள்ளையள் விளையாடுதுகள், அதைக் கட்டாயம் செய்யவேணும் எண்டு அண்ணையிட்டையே சொல்லிப்போட்டு வந்தனான்.

போறதெண்டால் பள்ளிக்கூடம் விட முதல், ஒரு மணிக்கு முன்னம் போங்கோ, அதுக்குப் பிறகு பெடியள் நிறைஞ்சிடுவாங்கள், அவரால ஆறுதலாப் பாக்க ஏலாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கால் அளவை மட்டும் கொண்டு போனா அவர் தரமாட்டார். பழைய பூட்ஸையும் விளையாடுற சொக்ஸையும் மறக்காமல் ஒரு பையில போடுங்கோ.