குழந்தையின் முகக் கரப்பானுக்கு எது ஏற்றது: தேங்காய் எண்ணெயா, பெட்ரோலியம் ஜெல்லியா, கிரீமா?

கைக்குழந்தைகளுக்குக் கரப்பான் பெரும்பாலும் முகத்தில்தான் முதலில் தெரியும். இரண்டு கன்னங்களும் நெற்றியும் சொரசொரத்துச் சிவந்து, சில வேளை நீர் கசிந்து பொருக்குத் தட்டியிருக்கும். மூக்கும் அதை ஒட்டிய இடமும் மட்டும் வழவழப்பாகத் தப்பித்திருக்கும். மாநிறமும் கருநிறமும் கொண்ட குழந்தைகளிடம் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிவதால், வெறும் வறட்சிதான் என்று நினைத்துப் பெற்றோர் காலம் கடத்திவிடுவதும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். தெரிந்தவர்கள் விலையுயர்ந்த செராமைடு கிரீம் ஒன்றைப் பரிந்துரைப்பார்கள். மருந்துக்கடையில் மருத்துவச் சீட்டு இல்லாமலேயே ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். இவற்றுள் எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்பதை, முகம் என்ற ஓர் இடத்தையும் வெயிலும் வியர்வையும் மிகுந்த நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் மனத்தில் வைத்து இங்கே அலசியிருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரப்பான் வரும் தோலில் இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவதாக, தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கத் தவறுகிறது. அந்த அடுக்கை உறுதியாக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் உள்ள பழுது, கரப்பான் வரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது என்பது 2006இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. இரண்டாவதாக, பழுதுபட்ட அந்தத் தடுப்பின் வழியே புகும் எரிச்சலூட்டிகளுக்கும் கிருமிகளுக்கும் எதிராகத் தோலுக்குள் அழற்சி மூள்கிறது. எண்ணெய், ஜெல்லி, கிரீம் ஆகிய மூன்றும் முதல் கோளாறுக்கு உரியவை. மூண்டுவிட்ட அழற்சியைத் தணிக்க மருந்து வேண்டும். கன்னம் தடித்துச் சிவந்து, குழந்தை இரவெல்லாம் முகத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டிருக்கும் நிலையில், எண்ணெயை மாற்றிப் பார்ப்போம், பிறகு கிரீமை மாற்றிப் பார்ப்போம் என்று வாரங்களைக் கடத்தினால் அந்த வேதனை நீளுமே தவிரக் குறையாது.

தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்குவோம். அதைப் பழங்கால நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் லேசான அல்லது நடுத்தரக் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்கள் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகள், கனிம எண்ணெய் தடவிய குழந்தைகளைவிடத் தெளிவாக மேம்பட்டார்கள். அந்த எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்துக்குக் கிருமிகளை ஓரளவு அடக்கும் ஆற்றல் உண்டு என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அந்த ஆய்வில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. பயன்படுத்தப்பட்டதும் வெர்ஜின் எனப்படும், வேறெதுவும் கலக்காத எண்ணெய். மணமூட்டிய தலை எண்ணெய்க்கு அந்த முடிவு பொருந்தாது. எண்ணெயில் நீர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது: காய்ந்த கன்னத்தில் தடவினால் வறட்சியின் மேல் ஒரு மினுமினுப்பு ஏறுமே ஒழிய ஈரம் சேராது. குளிப்பாட்டித் துணியால் ஒற்றியெடுத்த உடனே, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவினால்தான் பயன்.

எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணமும் தவறு. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்துவதாகப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2013இல் காட்டியது. அதில் மிகுந்துள்ள ஓலியிக் அமிலமே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே குழந்தைக்கு என்று அன்பாக வாங்கிவரும் விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெய் கரப்பான் முகத்துக்கு ஏற்றதன்று. கடுகு எண்ணெயும் வேண்டாம். கடலை எண்ணெயை வெடித்த தோலில் தடவுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். உணவுப் புரதங்கள் வாய் வழியாக அல்லாமல் பழுதுபட்ட தோல் வழியாக உடலுக்கு அறிமுகமானால் ஒவ்வாமை உருவாகக்கூடும் என்பதும், கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருந்தது என்பதும் பிரிட்டனில் 2003இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சளிக்காகத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெயைக் குழந்தையின் முகத்தில் தடவவே கூடாது. கன்னத்தில் தடவியது கை வழியாக வாய்க்குப் போகும். கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய நஞ்சு.

ஈரம் ஆவியாவதைத் தடுக்கும் திறனில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகராக மருந்துக்கடையில் வேறு பொருள் கிடைப்பது அரிது. மணமில்லாத சாதாரண வெள்ளை ஜெல்லியில் நறுமணமும் இல்லை, கெடாமல் காக்கும் இரசாயனங்களும் இல்லை. ஆகவே வெடித்த தோலில் தடவினாலும் எரியாது. மற்ற எல்லாவற்றையும்விட மலிவு என்பது, நாள்தோறும் பல மாதங்கள் தடவ வேண்டிய ஒரு பொருளுக்குச் சிறிய சிறப்பன்று. பல் முளைக்கும் பருவத்தில் எச்சில் வழிந்து வாயைச் சுற்றியும் மோவாயிலும் புண்ணாகும் குழந்தைகளுக்கு, பால் புகட்டுவதற்கும் சோறு ஊட்டுவதற்கும் சற்று முன் வாயைச் சுற்றி மெல்லிய பூச்சாக இதைத் தடவிவிட்டால், எச்சிலும் ரசத்தின் புளிப்பும் தக்காளிச் சாறும் தோலைத் தொடாமல் காக்கும். இந்த ஒரு வேலையில் ஜெல்லியே என் முதல் தேர்வு. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் முகத்தில் அப்பிவைப்பது மட்டும் வேறு கதை. வியர்வை வெளியேற வழியின்றி வேர்க்குரு கிளம்பும், அரிப்பு கூடும், பிசுபிசுப்பைத் தாங்காமல் குழந்தை முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மேலும் புண்ணாக்கிக்கொள்ளும். மார்கழிப் பனியிலும் ஏசி ஓடும் அறையிலும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களிலும் இரவு நேரத்தில் இதன் அருமை தெரியும். ஜெல்லி ஊறிய துணி நெருப்பை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், தலையணை உறையை அடிக்கடி துவைப்பதும், விளக்குக்கும் அடுப்புக்கும் அருகே குழந்தையைக் கொண்டுபோகாமல் இருப்பதும் அவசியம்.

கிரீமும் லோஷனும் எண்ணெயும் நீரும் கலந்தவை. லோஷனில் நீர் மிகுதி; பரப்புவது எளிது, ஆனால் சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும். நீர் உள்ள பொருளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களால் வெடித்த கன்னத்தில் எரிச்சல் உண்டாகலாம். கிளிசரின் கலந்த, மணமில்லாத கிரீம் லோஷனுக்கும் ஜெல்லிக்கும் நடுவே நிற்கிறது: ஈரத்தையும் தருகிறது, ஓரளவு மூடியும் காக்கிறது, வியர்வைக்கும் வழி விடுகிறது. தடித்த பாதத் தோலுக்கு உதவும் யூரியா கிரீம்கள் குழந்தையின் கன்னத்தில் சுரீரென்று எரியும்; அவற்றை முகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. செராமைடு என்பது தோலின் மேலடுக்கில் இயற்கையாகவே உள்ள கொழுப்பு. கரப்பான் தோலில் அது குறைவு என்பதும் உண்மை. அதை வெளியிலிருந்து சேர்க்கும் கிரீம், விலை குறைந்த சாதாரண கிரீமைவிடப் பல மடங்கு மேலானது என்று சொல்வதற்குத்தான் வலுவான சான்று இல்லை. வாங்க வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். வசதி இல்லாத பெற்றோர் அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு எளிய கிரீமைப் பெரிய அளவில் வாங்கித் தாராளமாகத் தடவுவது குழந்தைக்குக் கூடுதல் நன்மை தரும்.

இந்த வகைகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வும் உண்டு. பிரிட்டனில் ஆறு மாதம் முதல் பன்னிரண்டு வயது வரையிலான 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியான களிம்பு ஆகிய நான்கில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்துப் பதினாறு வாரங்கள் கவனித்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, நான்கு வகைகளுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எந்த வகை பிடித்தது, எது எரிந்தது என்பதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு இருந்தது. இதைப் படித்தபின் எனக்கு ஏற்பட்ட தெளிவு என்னவென்றால், குழந்தை அழாமல் தடவ விடுகிற பொருளை நாளுக்கு மூன்று நான்கு முறை தடவுவது, மிகச் சிறந்த பொருளைத் தேடிப் பிடித்து நாளுக்கு ஒரு முறை போராடித் தடவுவதைவிட மேலானது. ஆகவே என் பரிந்துரை இது: பகலில் மணமில்லாத கிரீம், குளித்தவுடன் ஈரக் கன்னத்தில் அதே கிரீம், அல்லது லேசான வறட்சி மட்டும் என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய், இரவிலும் உணவுக்கு முன்பும் ஜெல்லி. வாய் அகன்ற டப்பாவாக இருந்தால் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி டப்பாவுக்குள் குடியேறிவிடும்.

குளியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது, நலமான தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே கரப்பான் உள்ள முகத்துக்குச் சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான நீரே போதுமானது. கடலை மாவும் பயத்தம் மாவும் இயற்கையானவை என்றாலும், அவற்றைத் தேய்க்கும்போது ஏற்படும் உராய்வு, ஏற்கெனவே நைந்த தோலுக்குக் கேடு. குளியல் நீரில் ஊற்றும் ஈரப்பத எண்ணெய்களுக்குச் செலவிட வேண்டியதில்லை. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் அவற்றால் கூடுதல் பலன் எதுவும் காணப்படவில்லை.

இனி மருந்துக்கு வருவோம். தவறு நிகழ்ந்தால் விலை மிக அதிகமாக இருப்பது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முகத்து அழற்சிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளுள் மிக மென்மையானது இது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி, டியூபை வாங்கி வைத்துக்கொண்டு தடவாமலேயே விட்டுவிடும் பெற்றோர் ஒரு பக்கம். பெயரைக்கூடப் பார்க்காமல், மருந்துக்கடைக்காரர் கொடுத்த பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற கடுமையான ஸ்டீராய்டையோ, அதோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கூட்டுக் களிம்பையோ மாதக்கணக்கில் தடவும் பெற்றோர் மறுபக்கம். முதல் தரப்பினரின் குழந்தை தேவையின்றித் துன்பப்படுகிறது. இரண்டாம் தரப்பினரின் குழந்தைக்கு முதல் சில நாட்களில் முகம் பளிச்சென்று தெளியும். பிறகு தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, வாயைச் சுற்றிப் பருக்கள் கிளம்பி, தடவுவதை நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகச் சிவந்து எரியும். கண்ணை ஒட்டித் தொடர்ந்து தடவினால் கண்ணழுத்தம் உயரும் ஆபத்தும் உண்டு. இந்தக் களிம்புகளின் முறைகேடான பயன்பாட்டை எதிர்த்து இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கமே தனிக் குழு அமைத்துப் பேசிவருகிறது என்பதிலிருந்து சிக்கலின் அளவை உணரலாம். அதே குடும்பப் பெயரைத் தாங்கியிருந்தாலும், மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைக் குறுகிய காலம் அளவோடு தடவுவது இவற்றோடு சேர்த்து அஞ்சத்தக்கது அன்று.

அளவு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள், விரல்களும் சேர்ந்த பரப்புக்குப் போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்தே ஒரு விரல்நுனி அளவுதான் தேவைப்படும். ஈரப்பத கிரீமையும் மருந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே தடவினால் மருந்து நீர்த்துப் பரவிவிடும் என்பதால், இடையில் அரைமணி நேரம் விடுவது நல்லது. எத்தனை நாள் தடவுவது என்பதைக் குழந்தையைப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஹைட்ரோகார்ட்டிசோனால் அடங்காமல் மீண்டும் மீண்டும் வரும் முகக் கரப்பானுக்கும் இமைக் கரப்பானுக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு ஒரு நல்ல மாற்று. ஸ்டீராய்டு அல்லாத இது தோலை மெலியச் செய்யாது. முகத்தைப் பொறுத்தவரை இது பெரிய நன்மை. இரண்டு வயது முதல் 0.03 சதவீத அளவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் குறைந்த வயதில் தருவதா என்பது தோல் மருத்துவரின் முடிவு. முதல் சில நாட்கள் எரியும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பெற்றோர் பயந்து நிறுத்தமாட்டார்கள். புற்றுநோய் பற்றிய அச்சத்தால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இதன் உறையில் எச்சரிக்கையைச் சேர்க்கவைத்தது. ஆனால் ஏறத்தாழ 8,000 குழந்தைகளைப் பத்தாண்டு வரை பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனைவிட இதன் விலை அதிகம் என்பதால், லேசான கரப்பானுக்கு எடுத்த எடுப்பிலேயே இதற்குப் போக வேண்டியதில்லை.

அழற்சி அடங்கியபின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் தெரிவதைக் கண்டு, மருந்து தோலை வெளுக்கச் செய்துவிட்டது என்று சிலரும், வயிற்றில் பூச்சி என்று சிலரும் சொல்வார்கள். கரப்பானே விட்டுச்செல்லும் நிறக்குறைவு அது. சில மாதங்களில் தானாகவே நிறம் கூடிவரும், அதற்காகப் பூச்சி மருந்து கொடுப்பதில் பயன் இல்லை. கரப்பான் என்றதும் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, வளரும் குழந்தையை மெலியவைப்பதும் வேண்டாத கொடுமை. குறிப்பிட்ட ஓர் உணவைச் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்போ வாந்தியோ வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்கலாம்.

மேலே சொன்ன எந்தத் தேர்வுக்கும் இடமில்லாத நிலைமைகளும் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டிச் சீழ் வைத்தால், அது கிருமித் தொற்று. எண்ணெயும் ஜெல்லியும் அதைச் சரிசெய்யாது, மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு, ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, ஆணியால் குத்தியது போன்ற குழிப்புண்களாக மாறி வேகமாகப் பரவினால், அது ஹெர்பிஸ் எனப்படும் அக்கி வகை வைரஸ் கரப்பானில் புகுந்ததன் அறிகுறி. கண்ணுக்கு அருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த நிலையில் மறுநாள் வரை காத்திருக்காமல், முகத்தில் எதையும் தடவாமல், குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாயிலோ உதட்டிலோ இதே வைரஸால் புண் வந்திருக்கும் பெரியவர்கள் கரப்பான் உள்ள குழந்தையின் கன்னத்தில் முத்தமிடாமல் இருப்பதும் இதனால்தான் அவசியமாகிறது.