மஞ்சள் ஃபாக் லைட்டுக்கு 260 வெள்ளி: கொடுத்துவிட்டவர்கள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தாப்பா, பீடோர் வட்டாரத்திலிருந்து கேமரன் மலைக்குக் காரில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ரிங்லெட் நெருங்கும்போது மாலையில் பனி இறங்கும், முன்னால் போகும் காய்கறி லாரியின் பின்விளக்கு கூடத் தெரியாது. அந்தப் பயத்தை வைத்துத்தான் ஃபாக் லைட்டை, அதாவது பம்பரில் தாழ்வாக இருக்கும் பனிவிளக்கை, ஃபிலிம் ஒட்டியும் பல்பு மாற்றியும் மஞ்சளாக்கும் வியாபாரம் நடக்கிறது. நம் பக்கத்து ஆக்சசரி கடை ஒன்றில் 260 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஒரு காரில் செய்த வேலையை, மூன்று வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்ததில் கண்டது கீழே. கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையை இன்னும் பல இடங்களில் செய்கிறார்கள் என்பதால் வேலையை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

கடையில் சொன்னது இதுதான்: "அண்ணே, ஜப்பான் ஃபிலிம். அஞ்சு வருஷம் வாரண்டி. பல்பும் சேர்த்து மாத்தித் தரேன், பனியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்." மூன்று வாரத்தில் ஃபிலிமின் ஓரம் சுருண்டது, நடுவில் டீ நிறத்துக்குப் பழுத்தது. மலை ஏறும்போது பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. இறங்கும்போது இடது விளக்கு எரியவில்லை. திரும்பக் கொண்டுபோனதற்கு வந்த பதில்: "மழையில ஓட்டினீங்களா? அப்போ வாரண்டி போச்சுண்ணே." நம் ஊரில் மழையில் ஓட்டாத கார் எது?

ஃபிலிம் உரிந்தது பெரிய நஷ்டமே இல்லை. பம்பருக்குப் பின்னால் செய்து வைத்திருந்த காரியம்தான் காரையே கொளுத்தியிருக்கும்.

அந்தக் காரின் ஃபாக் லைட்டுக்குக் கார் நிறுவனம் போட்டது எச்8 பல்பு, 35 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 5.8 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ப 10 ஆம்பியர் ஃபியூஸ். கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் பூச்சுப் பூசிய எச்11 வகைப் பல்பைப் போட்டிருக்கிறார், 100 வாட். எச்8, எச்11 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்று மற்றொன்றில் நுழையக்கூடாது என்பதற்காகவே அடிப்பகுதியின் காதுகளை வேறுவேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் காதைக் கத்தியால் சீவி உள்ளே தள்ளியிருந்தது. சீவிய தடம் கண்ணுக்கே தெரிகிறது.

100 வாட் இரண்டு என்றால் 16.7 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்காது, அறுந்துவிடும். அறுந்திருக்கும், அதனால்தான் அந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் செருகப்பட்டிருந்தது. வயர் மட்டும் அதே பழைய மெல்லிய வயர். மின்னோட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கானால் வயரிலும் சாக்கெட்டின் பற்களிலும் உண்டாகும் சூடு சுமார் எட்டு மடங்காகும், ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். சாக்கெட் பழுப்பாகி, ஒரு பக்கம் உருகி, பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் என்பது வயரைக் காப்பதற்காக இருக்கிறது. 30 போட்டால் ஃபியூஸ் அறுவதற்குள் வயர் எரிந்துவிடும்.

ஆகவே இப்படி ஒரு வேலைக்குக் காசு கொடுத்தவர்கள் இன்றைக்கே போனட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் பாருங்கள். எந்த இடம் ஃபாக் லைட்டுக்கு, எத்தனை ஆம்பியர் என்று மூடியின் உட்புறம் படம் இருக்கும். சில கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பெட்டியில் இருக்கும். கத்தி வடிவ ஃபியூஸுக்கு நிறமே அடையாளம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை, 30 பச்சை. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தால் ஃபாக் லைட்டைப் போடவே போடாதீர்கள், ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு போமேனிடம் (மெக்கானிக்கிடம்) போங்கள். பிறகு பல்பு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப் இரண்டு மூன்றைக் கழற்றினால் கை உள்ளே போகும். பல்பின் அடியில் வகையும் வாட்டும் பொறித்திருக்கும். அது காரின் கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எச்16 என்றால் 19 வாட், எச்8 என்றால் 35, எச்பி4 என்றால் 51, எச்11 என்றால் 55. கையேட்டில் உள்ள வாட்டைத் தாண்டிய எண் எதுவும் அந்த விளக்குக்கு உரியதல்ல.

அடுத்தது ஃபிலிம். ஜப்பான் டிபியு (ரப்பர் போல நீளும் பாலியூரித்தேன் ஃபிலிம்) என்று சொல்லி ஒட்டியது விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் மெல்லிய பிவிசி ஸ்டிக்கர். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. டிபியு துண்டு ஒன்றை இழுத்தால் ரப்பர் போல நீண்டு மெதுவாகத் திரும்பும். நகத்தால் இலேசாகக் கீறி ஹேர் டிரையர் காட்டினால் கீறல் மறையும். மலிவு பிவிசி அப்படி நீளாது, வளைந்த லென்ஸில் படியாது. அதனால் ஓரத்தில் ஆங்காங்கே பிளேடால் வெட்டி மடித்து ஒட்டுவார்கள். லென்ஸின் விளிம்பில் முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அது பிவிசி. சூடு பட்டால் அது சுருங்கவும் செய்யும், அதனால்தான் விளிம்பைச் சுற்றிப் பசை வளையம் தெரிகிறது, செம்மண் தூசி அதில் போய் அப்பிக்கொள்கிறது. செம்பனை லாரிகள் ஓடும் சாலையில் இரண்டு வாரம் போதும். ஒட்டுவதற்கு முன் வெட்டு மிச்சத் துண்டு ஒன்றைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் ஒட்ட வேண்டாம்.

ஃபிலிமுக்கு அடியில் இன்னொரு வேலையும் இருந்தது. பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று லென்ஸைச் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். இக்கால லென்ஸ் பலவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் கடினமான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, புற ஊதாக் கதிரையும் கீறலையும் அதுதான் தாங்குகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் தானாகவே மங்கி வெடிப்பு விடும். அதைவிட மோசம், கீறல் விழுந்த லென்ஸ் ஒளியை மேலும் கீழும் சிதறடிக்கும். ஃபாக் லைட்டின் பலனே கற்றை அகலமாக, தாழ்வாக, மேல் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல நிற்பதில்தான் இருக்கிறது. ஒளி மேலே சிதறினால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர்தான்.

இங்கே ஒரு சங்கதி. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நீலத்தை அதிகமாகவும் மஞ்சளைக் குறைவாகவும் சிதறடித்து வானத்தை நீலமாகக் காட்டும் சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில்தான் நடக்கும். பனித்துளி அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் குறைந்தால் கண்கூச்சம் சிலருக்குக் குறைகிறது, அவ்வளவுதான். பிரான்சில் 1993 வரை கார்களின் முன்விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, பிறகு விட்டுவிட்டார்கள். எவ்வளவு நல்ல ஃபிலிமானாலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்னும், கூட்டாது. "மஞ்சள் போட்டால் இரண்டு மடங்கு வெளிச்சம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இதெல்லாம் தெரிந்தும் மஞ்சள்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு விளக்குக்கும் 30க்கு 40 செ.மீ. டிபியு துண்டு ஒன்று போதும், இழுத்துப் பிடிக்க ஓரம் மிஞ்சும். எலுமிச்சை மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் எதிரே வருகிறவருக்குச் சிக்னல் விளக்குப் போலத் தெரியும். ஸ்பிரே பாட்டில் இரண்டு: ஒன்றில் அரை லிட்டர் தண்ணீரும் குழந்தை ஷாம்பு நாலைந்து சொட்டும், மற்றதில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மதிய மழைக்குள் முடியும்.

விளக்கு ஆறியிருக்க வேண்டும். கழுவி, கார் துடைக்க விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். லென்ஸிலும் ஃபிலிமின் பசைப் பக்கத்திலும் விரல்களிலும் ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, ஃபிலிமை வைத்து நகர்த்தி நடுவில் சரிசெய்யுங்கள். ஒரு ஓரத்தில் ஆல்கஹால் தண்ணீர் அடித்தால் அந்த இடம் பிடித்துக்கொள்ளும். அதை நங்கூரமாக வைத்து, எதிர்ப்பக்கம் ஹேர் டிரையரால் சூடுகாட்டி இழுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். அவசரத்தில் ஓரத்திலிருந்து தொடங்கினால் தண்ணீர் நடுவில் சிறைப்பட்டுக் கொப்புளமாக நிற்கும். வெட்டும்போது லென்ஸ் விளிம்புக்கு 2 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள், பம்பர் வளையத்தில் உரசினால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். புது பிளேடு, மிக இலேசான அழுத்தம். கடைசியில் ஓரங்களுக்கு மட்டும் ஒருமுறை சூடுகாட்டி அழுத்தவும். ஒரு நாள் விளக்கைப் போட வேண்டாம், ஒரு வாரம் பிரஷர் வாட்டர் காட்ட வேண்டாம்.

ஸ்பிரே பெயின்ட் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு காயும்போது பால்போல வெளுத்துவிடும். திருத்த வேண்டுமானால் தின்னர் வேண்டும், தின்னர் பட்ட பாலிகார்பனேட் நூல்நூலாக வெடிக்கும். பல்பின் கண்ணாடியிலேயே பூசுகிறவர்களும் உண்டு. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டாலே ஆயுள் குறையும், பெயின்ட் கருகித்தான் போகும். மஞ்சள் எல்இடி பல்பைச் செருகுவதும் சரிவராது: ஹாலஜன் இழைக்காக அளந்து செய்த கிண்ணத்தில் எல்இடியின் ஒளிப்புள்ளி இடம் மாறி உட்காரும், கற்றை சிதறும். லென்ஸும் சூடாகாது, மழைக்குப் பின் உள்ளே படிந்த ஆவி காயாமல் நிற்கும்.

விளக்கைக் கழற்றி மாட்டிய பின் கற்றை எந்த உயரத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். சமதரையில் காரை நிறுத்தி, 10 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் கற்றையின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்வாக விழ வேண்டும். அந்தக் காரில் விளிம்பு விளக்கின் உயரத்துக்கும் மேலே போயிருந்தது, உயரத்தைச் சரிசெய்யும் திருகைக் கடையில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லென்ஸில் வட்டத்துக்குள் பொறித்த முத்திரையைக் காட்டி "இது ஐரோப்பிய அங்கீகாரம், ஜேபிஜே ஒன்றும் சொல்லாது" என்று சாலைப் போக்குவரத்து இலாகாவின் பெயரைச் சொல்லியும் சமாளிக்கிறார்கள். முன்பக்க ஃபாக் லைட்டுக்கான ஐநாவின் ஆர்19 விதி வெள்ளையோடு மஞ்சளையும் ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த முத்திரை ஆலையிலிருந்து வந்த விளக்குக்கும் அதற்குரிய பல்புக்கும் கொடுத்தது, மேலே ஒட்டியதற்கும் 100 வாட்டுக்கும் அல்ல. விற்கப்போகும் கார் என்றால் புஸ்பகோம் வாகனச் சோதனைக்கு முன் ஃபிலிமை உரித்துவிடுவது நல்லது.

உரிக்கும் முறை: டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஓரத்திலிருந்து சாய்வாக மெதுவாக இழுக்கவும். மிஞ்சும் பசைக்குச் சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரும் ஆல்கஹாலும் போட்டுத் துடைக்கவும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் கிட்டே வரக்கூடாது.

காசைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் உள்ள தீர்ப்பாயத்தில், ட்ரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று எல்லோருக்கும் தெரியும், 50,000 வெள்ளி வரை கோரலாம். போராங் 1 (படிவம் 1) நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இந்தக் கடை ரசீதில் "ஃபாக் லைட் செர்விஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஃபிலிமின் வகை, பல்பின் வாட், வாரண்டி மாதம் எல்லாம் எழுதித் தரச்சொல்லி வாங்குங்கள். கழற்றிய பழைய பல்பையும் கையோடு கேட்டு வாங்குங்கள், இவர்கள் திருப்பித் தரவே இல்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உருகிய சாக்கெட், காது சீவிய பல்பு, பச்சை ஃபியூஸ், உரித்த ஃபிலிம் எதையும் குப்பையில் போடாமல், கழற்றும்போதே படமெடுத்து, ஒரு பையில் கட்டித் தேதி எழுதி வையுங்கள். கழற்றிய போமேனிடம் என்ன இருந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி அதே பையில் போடுங்கள்.